கத்திரி மேடத்தின் தொண்ணூறு நாள்

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நாட்டில் எங்கே வெயில் கொளுத்துகிறது, எங்கே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது என்பதையெல்லாம் சுவரளவு திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் எங்கள் வாசலில் மழை பெய்வது, நனைந்த குடையோடு யாராவது உள்ளே வந்தால்தான் தெரியும். அந்த அறையில் பதினாறு வருஷம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு உண்டு, சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. நிலைத்தது என்னவோ காற்றாலைக்காரர்கள் வைத்த பெயர்தான். கத்திரி மேடம்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன், கொட்டாவி விடாதீர்கள். மின்சாரத்தைப் பானையில் பிடித்து மூடி வைக்க முடியாது. பேட்டரிகள் வந்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை, அவை யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த நிமிடம் நாடு எவ்வளவு செலவழிக்கிறதோ அவ்வளவுதான் இந்த நிமிடம் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. அந்தக் கணக்கைக் கலையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எங்கள் கட்டுப்பாட்டு அறை.

முன்பெல்லாம் நிலக்கரி உலைகளும் அணைகளும்தான் எங்கள் உலகம். ஏற்று என்றால் ஏற்றுவார்கள், இறக்கு என்றால் இறக்குவார்கள். இப்போது வெயிலும் காற்றும் வந்துவிட்டன. நல்ல காற்றுக் காலத்து நண்பகலில் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் அவை இரண்டும்தான் கொடுக்கின்றன. மறுநாள் பத்திரிகையில் சாதனை என்று படத்தோடு போடுவார்கள். படத்தில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளாகப் பார்த்து, தொழிற்சாலை எல்லாம் மூடிக் கிடக்கும்போது, வெயிலும் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தால் அதை வாங்க ஆள் இருக்காது. நிலக்கரி உலையை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. ஒரேயடியாக அணைத்துவிட்டாலோ, மறுபடி சூடேற்ற அரை நாள், ஒரு நாள் ஆகும். சாயங்காலம் சூரியன் கையை விரித்ததும் அந்த உலையின் காலில்தான் போய் விழ வேண்டும். அதனால் அடி விழுவது காற்றின் தலையில். யாராவது போனை எடுத்து, உங்கள் காற்றாடிகளில் இத்தனையை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த யாராவது, எங்கள் அறையில் அவள்தான்.

அந்தப் போனுக்குத் தனிச் சட்டம் உண்டு. பேசுவது எல்லாம் பதிவாகும். பேசுகிறவர் பதவியைச் சொல்ல வேண்டும், நேரத்தைச் சொல்ல வேண்டும், உத்தரவுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். கேட்பவர் அத்தனையையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொந்தப் பேச்சு ஒரு சொல் கூடாது. இதை யாரோ வேலையில்லாமல் எழுதி வைக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரண்டு பேர் அதே போனில் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டே வேறு லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். கம்பத்தின் மேலே ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் இறங்கி வரவில்லை. அன்றைக்கு அவள் அந்த அறையில் இருந்தாள், நானும் இருந்தேன். நான் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டேன். அவள் ஆகவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள், அப்பா இருந்தும் இல்லாதவர். பிறகு அவனுக்கு எல்லாம் அவள்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவனை, மூன்றாவது முறை பரீட்சைக் கூடத்து வாசல் வரை காதைப் பிடித்துக் கூட்டிப்போய், மூன்று மணி நேரம் வெயிலில் வெளியே நின்று கூட்டிவந்தவள். அவன் படித்து முடித்து வேலையில் ஏறிய பிறகுதான் தன் கல்யாணத்துக்கே தலையாட்டினாள். அவனுக்கு வேலை கிடைத்தது காற்றாலைகளின் மின்சாரமெல்லாம் வந்து சேருகிற துணைமின்நிலையத்தில். அது எங்கள் அறையில் எந்த மேசைக்குக் கீழே வருகிறது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆக, பகலில் அக்கா உத்தரவு போடுவாள், தம்பி திருப்பிச் சொல்வான். பதவி சொல்லி, நேரம் சொல்லி, எண் சொல்லி. சாயங்காலம் தன் கைபேசியில் கூப்பிடுவான். "என்ன மேடம், இன்னிக்கு எத்தனை காத்தாடியை முழுங்கினீங்க? காத்து சும்மா வருது, அதையும் வேணாம்னு சொல்ற ஒரே ஆளு இந்த உலகத்துல நீங்கதான்" என்பான். அவள் சிரிப்பாள். ஜன்னலில்லாத அறையில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது ஒன்றுதான்.

விளையாட்டு வினையானது அவன் மகளின் முதல் பிறந்தநாளில். அந்த வருஷம் காற்று அளவுக்கு மீறி வீசியது, நாங்களும் காற்று மின்சாரத்தை அளவுக்கு மீறி வெட்டியிருந்தோம். காற்றாலைக்காரர்கள் எல்லாரும் எரிச்சலில் இருந்தார்கள். அவன் வீட்டில் அவர்களும் கூடியிருந்தார்கள், சொந்தக்காரர்களும் கூடியிருந்தார்கள். கேக் வெட்டப் போகும்போது இவன் கத்தியைத் தூக்கிக் காட்டி, "இது எதுக்கு? எங்க அக்காவைக் கூப்பிடுங்க. வெட்டுறதுல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை. கத்திரி மேடம்!" என்றிருக்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தவள்தான், பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"சும்மா கேலிம்மா, விட்டுத் தள்ளு" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கண்ணே. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அவனும் சேர்ந்து சிரிச்சான் பாருங்க" என்றாள்.

இரண்டு முறை அவள் வீட்டுக்கு வந்தானாம். அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பில் பேசுவதோடு சரி, அவர்தான் மைத்துனனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். எட்டு மாதம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அதாவது வீட்டில் பேசிக்கொள்ளவில்லை. போனில் தினமும் பேசினார்கள். இருநூறு மெகாவாட் குறையுங்கள், இருநூறு மெகாவாட் குறைக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் எண்ணைத் திருப்பிச் சொல்லி முடித்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்க ஒரு நொடி கூடுதலாக ஆகும். உண்மையிலேயே வெறுத்தவள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள். அதை அன்றைக்கே அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அது ஒரு விடுமுறை நாள். மணி பன்னிரண்டு நாற்பது. வெயில் உச்சத்தில், காற்றும் உச்சத்தில், நாடு வீட்டில் படுத்துக் கிடந்தது. அவள் போனை எடுத்து நூற்றிருபது மெகாவாட் குறைக்கச் சொன்னாள். எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்கும். எண் கொடுத்தாள், திருப்பிச் சொல்லக் கேட்டாள், "சரி" என்றாள். பிறகு சட்டென்று குரல் விறைத்தது.

"பதவி சொல்லிப் பேசுங்க. இது பதிவாகுற லைன்."

போனை வைத்துவிட்டாள். காது சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. அக்காங்கிறான். டியூட்டி லைன்ல!" என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் உதட்டோரம் எட்டு மாதத்துச் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. "போகட்டும். சாயங்காலம் நானே கூப்பிடுறேன். பெரிய மனுஷன், அவனா இறங்கி வர்றான்."

மூன்று பத்துக்கு அதே இடத்திலிருந்து போன் வந்தது. குரல் வேறு. விடுமுறை நாள் என்பதால் அங்கே அவனும் காவலாளியும்தான் இருந்தார்கள். மீட்டர் பார்க்கப் போனவன் கருவிகளுக்கு நடுவில் விழுந்து கிடப்பதைக் காவலாளி பார்த்திருக்கிறார். காவலாளிக்குப் பதவி சொல்லிப் பேசத் தெரியாது. "அம்மா, தம்பி விழுந்துட்டாரும்மா" என்றுதான் ஆரம்பித்தார். மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயது முப்பத்தாறு.

மாரடைப்பு என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷர்தான், கேட்டதற்குப் பதில் சொன்னார். "வலி மத்தியானமே ஆரம்பிச்சிருக்கும். ஒரு மணிக்குள்ள கொண்டு வந்திருந்தா காப்பாத்திப் பார்த்திருக்கலாம்." அவள் அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கூப்பிட்டது பன்னிரண்டு நாற்பதுக்கு.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் தம்பி மனைவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை மடியில். "அண்ணி, கடைசியா உங்ககிட்டதான் பேசினாராமே. என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டாள். அதுதான் கொடுமை. இவள் குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. அவன் சமாதானம் பேசக் கூப்பிட்டானா, நெஞ்சு வலிக்கிறது என்று கூப்பிட்டானா? கோபம் தணிந்து 'அக்கா' என்றானா, பயந்துபோய் 'அக்கா' என்றானா? நாள் முழுக்க அந்த ஒரு சொல்லை நினைவில் ஓட்டிப் பார்ப்பாள். ஒரு சமயம் கொஞ்சலாக இருந்தது என்பாள், ஒரு சமயம் முனகலாக இருந்தது என்பாள். நினைவை எத்தனை முறை எடுத்தால் அது தேயாமல் இருக்கும்? அசல் அங்கே, மாடியில், பதிவு இயந்திரத்தில் இருந்தது. தொண்ணூறு நாள் இருக்கும். பிறகு அது தானாகவே அழித்துக்கொள்ளும்.

அவள் மையத் தலைவரிடம் போய்க் கேட்டாள். ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்றாள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, சட்டப் புத்தகத்துக்குப் பிறந்தவர். "விபத்து விசாரணை, இல்ல பணியில தப்பு நடந்த விசாரணை. இந்த ரெண்டுக்குத்தான்மா அதை எடுக்கலாம். வீட்டு விஷயத்துக்கெல்லாம் எடுத்தா நாளைக்கு என்னைக் கேள்வி கேட்பாங்க" என்றார். அவன் விழுந்தது பணியிடத்தில்தான், ஆனால் அது விபத்து இல்லை. இயற்கை மரணம் என்று அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள்.

எழுபத்தோராவது நாள் அவள் என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். தன் மேல் தானே எழுதிய புகார். பன்னிரண்டு நாற்பது அழைப்பில் எண்ணைச் சரிபார்க்காமல் உத்தரவு கொடுத்துவிட்டேன் என்று சந்தேகிக்கிறேன், விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

"பச்சைப் பொய்" என்றேன்.

"ஆமாண்ணே."

"பதவி உயர்வு வரிசையில முதல் பேரு உன்னுது. பதினாறு வருஷத்துல ஒரு கறுப்புப் புள்ளி இல்ல. தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிறியா?"

"போட்டா போட்டுட்டுப் போறேன். பத்தொன்பது நாள்தான் இருக்கு" என்றாள். தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எண்பத்து நான்காவது நாள் விசாரணை. மூன்று அதிகாரிகள், நீளமான மேசை, நடுவில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. பக்கத்து மேசைக்காரன் என்பதால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கைக்குட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பொத்தானை அமுக்கினார்கள். மொத்தம் நாற்பத்தோரு விநாடி.

அவள் குரல், நேரம், அளவு, எண். அவன் குரல், நேரம், அளவு, எண். எல்லாம் அச்சடித்த மாதிரி. "சரி" என்றது அவள் குரல். பிறகு அவன்.

"அக்கா... ஒரு நிமிஷம்க்கா..."

"பதவி சொல்லிப் பேசுங்க. இது பதிவாகுற லைன்."

"சரிங்க... மேடம்."

அவ்வளவுதான். 'சரிங்க மேடம்' என்று அவன் சொன்னது அவள் காதில் அன்று விழவில்லை. அதற்குள் போன் காதிலிருந்து இறங்கிவிட்டது. இயந்திரத்துக்கு மட்டும் விழுந்திருக்கிறது.

அதிகாரிகள் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷமாக முகம் தெரியாத குரல்களோடு குப்பை கொட்டுகிறவன் நான். தூக்கக் கலக்கமா, பசியா, பொய்யா என்று குரலைக் கேட்டே சொல்லிவிடுவேன். 'சரிங்க'வுக்கும் 'மேட'த்துக்கும் நடுவில் ஓர் இழுத்த மூச்சு இருந்தது. நாலு மாடி ஏறி வந்தவன் விடுகிற மூச்சு. அவன் உட்கார்ந்த இடம் தரைத் தளம். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

வெளியே நடைபாதையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் முதல் முறை.

"அண்ணே, உங்களுக்குக் குரல் தெரியும். உண்மையைச் சொல்லுங்க. மூச்சு வாங்குனானா?"

"இல்லம்மா" என்றேன். "நல்லாத்தான் பேசினான். லைன்ல கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான்."

"சமாதானத்துக்குத்தான் கூப்பிட்டானா?"

"பின்ன எதுக்கு? கொஞ்சுற மாதிரிதானே இருந்துச்சு."

சுவரில் சாய்ந்து அழுதாள். தம்பி போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. சொன்னது பொய்தான், ஆனாலும் செய்தது சரிதான் என்று நினைத்தேன். அன்றே தம்பி மனைவியைப் பார்க்கப் போனாள், துக்க நாட்களுக்குப் பிறகு முதல் முறையாக அந்தப் படி ஏறி. "கோபம் போயிடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

விசாரணை முடிவு ஐந்தாம் நாளே வந்தது. பணியாளரிடம் குற்றம் எதுவும் இல்லை. அது மட்டுமில்லை, மறுமுனையில் சொந்தப் பேச்சு எழுந்தபோதும் பணியாளர் கட்டுப்பாடு தவறாமல் நடந்துகொண்ட விதம் எடுத்துக்காட்டானது, ஆகவே இந்த அழைப்பைப் புதியவர்களின் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். தலைவர் அவளைக் கூப்பிட்டு, "இனிமே அது அழியாதும்மா. உங்களுக்காகத்தான் இப்படி ஒரு வழி பண்ணேன்" என்றார். நல்லது செய்துவிட்டதாக நிஜமாகவே நம்பினார். அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பயிற்சி வகுப்பு எடுப்பவன் நான்தான். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவனுக்குக் கொடுக்கிற வேலை அது. காற்றும் வெயிலும் கூடக் கூட எங்களுக்கு ஆட்கள் தேவையும் கூடியது, ஒரு வருஷத்தில் நாலு கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும், இரண்டாம் நாள், பதினோரு மணிக்கு, அந்த நாற்பத்தோரு விநாடியைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் தன் டியூட்டிக்கு முன்னாலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. 'ஒரு நிமிஷம்க்கா' என்று வரும்போது எவனாவது களுக்கென்று சிரிப்பான். அவளும் சிரித்துக்கொள்வாள், அவன் சிரித்ததற்காக அல்ல, குரலைக் கேட்ட சந்தோஷத்தில். அது முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். நான்தான் பொத்தானை அமுக்கிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நாலாவது கூட்டத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். படிப்பில் கெட்டி, கேள்விமேல் கேள்வி கேட்கிறவள். எண்ணைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், அந்த ஆபரேட்டருக்கு உடம்பு சரியில்லையா? அப்படி மூச்சு வாங்குதே. இந்த மாதிரி நேரத்துல நாம என்ன பண்ணணும்? விதியில என்ன இருக்கு?"

விதியில் ஒன்றும் இல்லை. இருப்பதாகச் சொல்லவும் முடியவில்லை. "நல்ல கேள்வி, அப்புறம் சொல்றேன்" என்று எதையோ உளறி, தேநீருக்கு விட்டுவிட்டேன். எல்லாரும் வெளியே போனார்கள். கடைசி பெஞ்சில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அவளருகே போனேன், உட்காரத் தைரியம் வரவில்லை.

"உங்களுக்கும் அன்னிக்கே கேட்டுச்சுல்லண்ணே?"

முப்பது வருஷத்துச் சாமர்த்தியம் எதுவும் உதவிக்கு வரவில்லை. "கேட்டுச்சும்மா" என்றேன். "தாங்க மாட்டியேன்னுதான்..."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கும் கேட்டுச்சுண்ணே. முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள். "வளர்த்தவளுக்கு அவன் மூச்சு தெரியாதா? நீங்க இல்லைன்னு சொன்னீங்க. உங்களுக்குக் குரல் தெரியும், அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டுக் கேட்டு, அது இரைச்சல்தான், இரைச்சல்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். இப்ப அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு."

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு அவளுக்கு டியூட்டி இருந்தது, போய்ப் பார்த்தாள். அதற்கப்புறம் வகுப்புக்கு அவள் வந்ததில்லை. பதிவு பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது, யாராலும் எடுக்க முடியாது. நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.